கென்டக்கியை விற்றது யார்? செரோக்கி, கிரீக் ஒப்பந்தங்கள் பற்றி ஒரு கேள்வி

மார்ச் 9 (கேள்வி)

அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கிகளின் நிலத்தை வெள்ளைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் 1775இல் கென்டக்கியின் பெரும்பகுதியை அவர்களே கையெழுத்துப் போட்டு விற்றிருக்கிறார்கள். சரக்கும் வாங்கியிருக்கிறார்கள். விற்றுவிட்டு அடுத்த வருஷமே சண்டைக்குப் போனால் அது யார் தப்பு? பத்திரம், பட்டா தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு

31 வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். இப்போது டென்னசியில் நாக்ஸ்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறேன், வேறு வேலை இல்லை. அதனால் சொல்கிறேன்.

அந்த 1775 கிரயத்தில் ரிச்சர்ட் ஹென்டர்சன் என்ற வெள்ளைக்காரர் சுமார் 2 கோடி ஏக்கர் வாங்கினார். விலை 10,000 பவுண்டு, அதிலும் பெரும்பங்கு சரக்காக. துணி, துப்பாக்கி, சட்டை, அந்த மாதிரி. ஏக்கருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். ஆனால் விலை குறைவு என்பதால் மட்டும் பத்திரம் செல்லாமல் போகாது. அதை விடுங்கள்.

என் மேஜைக்கு இது வந்திருந்தால் முதலில் வாங்குபவரைப் பார்த்திருப்பேன். 1763இல் இங்கிலாந்து அரசர் போட்ட பிரகடனப்படி தனி ஆள் யாரும் பழங்குடிகளிடம் நேரடியாக நிலம் வாங்கக் கூடாது. ஆகவே வாங்கவே தகுதி இல்லை. அடுத்து வில்லங்கம். இதே கென்டக்கி நிலத்தை 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் இரொக்குவா என்ற வேறு பழங்குடி மக்கள் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் அங்கே குடியிருந்ததே இல்லை. அங்கே வேட்டையாடிக்கொண்டிருந்த ஷானி மக்களை இரண்டு தரப்பும் கேட்கவில்லை. ஒரே மனை, இரண்டு கிரயம், அனுபவத்தில் இருப்பவர் மூன்றாவது ஆள். இப்படி ஒரு கேஸ் வந்தால் எங்கள் ஆபீசில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து கேட்போம்.

மார்ச் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், ஹென்டர்சன் அரசாங்கத்தின் ஆள்தானே என்று கேட்கிறார். இல்லை. வட கரோலினாவில் நீதிபதியாக இருந்தவர், ஆனால் இது தனியார் வியாபாரம், டிரான்சில்வேனியா கம்பெனி. அதாவது சட்டம் தெரியாமல் வாங்கியவர் இல்லை. நன்றாகத் தெரிந்தே வாங்கியவர்.

மார்ச் 17

இன்று அந்தக் கிரயம் நடந்த இடமான சிகமோர் ஷோல்ஸ் போய் வந்தோம். வேண்டுமென்றேதான் இந்தத் தேதியைப் பிடித்தேன். 1775 மார்ச் 17இல்தான் கையெழுத்தானது. மருமகன் இரண்டு மணி நேரம் கார் ஓட்டினார், முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, நல்ல பிள்ளை.

வட்டாகா ஆறு அகலமாக, ஆழம் இல்லாமல், கல்லின் மேல் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. கரையில் வெள்ளைப் பட்டை உரிந்த சிகமோர் மரங்கள். இந்த மேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செரோக்கிகள் நாள்கணக்கில் தங்கியிருந்தார்களாம். சரக்கு குடிசைகளில் அடுக்கி வைத்திருந்ததாம், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. அந்த உத்தி எனக்குத் தெரியும். கட்டுப் பணத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் அட்டகுல்லகுல்லா, ஒகொனொஸ்டோட்டா. முதலாமவர் 1730இலேயே லண்டன் போய் அரசர் இரண்டாம் ஜார்ஜைப் பார்த்து வந்தவர். வெள்ளைக்காரர்கள் எத்தனை பேர் என்று கண்ணால் கண்டவர். சண்டை போட்டுத் தீராது, கொடுத்துக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்பது அவர் கணக்கு. எதிர்த்தவர் அவர் மகன், டிராகிங் கனூ. பெயருக்கே 'தோணியை இழுப்பவர்' என்றுதான் அர்த்தம். சின்ன வயதில் போருக்கு வருகிறேன் என்று அடம்பிடித்தாராம், தோணியைத் தூக்க முடிந்தால் வா என்று அப்பா சொல்ல, தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு போனாராம். இந்த ஆற்றங்கரையில் அவர் சொன்னதன் சாரம்: இவர்கள் இதோடு நிற்க மாட்டார்கள், கடைசியில் நமக்கு நிற்க இடம் இருக்காது. வாங்கியவர்களிடம், நீங்கள் வாங்கும் நிலம் இருண்டது, அங்கே குடியேறுவது லேசில்லை என்று சொன்னதாகவும் சொல்கிறார்கள்.

சரக்கைப் பங்கு போட்டபோது ஒருவருக்கு ஒரே ஒரு சட்டை கிடைத்ததாம். இந்த நிலத்தில் ஒரு நாள் மான் சுட்டாலே இதைவிட அதிகம் சம்பாதித்திருப்பேன் என்றாராம். கதையாகவே இருக்கட்டும், கணக்கு சரி.

பேரன் ஆற்றில் கல் எறிந்துகொண்டிருந்தான். நான் பத்திரத்தின் செக்குபந்தியை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறுகளும் மலைமுகடும்தான் எல்லை. சர்வே எண் கேட்டால் எங்கே போவது!

மார்ச் 18, காலை

நேற்று ஒன்று விட்டுப்போயிற்று. இதே வட்டாகாக் கரையில் வெள்ளைக்காரர்கள் 1772இலேயே உட்கார்ந்துவிட்டார்கள். காலி செய்யச் சொல்லி அரசாங்க ஏஜென்ட் உத்தரவு போட்டார். வாங்கத்தானே தடை, குத்தகைக்குத் தடை இல்லையே என்று செரோக்கிகளிடம் 10 வருஷக் குத்தகை பேசிக்கொண்டார்கள். ஹென்டர்சன் கிரயம் முடிந்த கையோடு அதையும் கிரயமாக்கிக்கொண்டார்கள். குத்தகைக்காரர் உரிமையாளர் ஆவது உலகம் முழுக்க ஒரே வழிதான் போல.

மார்ச் 24

'அப்பன் விற்றான், மகன் தடுத்தான், பங்காளிச் சண்டை' என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். தப்பு.

செரோக்கிகளுக்கு ஏழு குலம். பிள்ளை அம்மாவின் குலம். அப்பா வேறு குலத்துக்காரர், வீட்டில் அன்பான விருந்தாளி மாதிரி. கண்டிக்கவும் கற்றுக்கொடுக்கவும் உரிமை தாய்மாமனுக்கு. பக்கத்துப் பழங்குடிகளான கிரீக்குகளிலும் இப்படித்தான். ஆக, அட்டகுல்லகுல்லாவின் கையெழுத்து அவர் மகனைக் கட்டாது. அப்பாவும் பிள்ளையும் ஒரே குலம்கூட இல்லை.

இதில் வேடிக்கை, ஒப்பந்தப் பேச்சு முழுக்க உறவுமுறையில்தான் நடக்கும். இங்கிலாந்து அரசரைத் 'தந்தை' என்பார்கள். வெள்ளை அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிடும், அடங்கிவிட்டார்கள் என்று லண்டனுக்குக் கடிதம் எழுதுவார். சொன்னவர் மனதில் தந்தை என்றால் கேட்டதை வாங்கித் தருகிறவர், அதட்டுகிறவர் இல்லை. 'மாமா' என்று கூப்பிட்டிருந்தால் கதையே வேறு.

மார்ச் 24, அதே இரவு

அரசர் என்றதும் இன்னொன்று. செரோக்கிகளுக்கு அரசர் கிடையாது. ஊர் ஊராகத்தான் முடிவு, அதிலும் சமாதானத்துக்கு ஒரு தலைவர், போருக்கு வேறு தலைவர். கையெழுத்து வாங்க ஓர் ஆள் வேண்டுமே, 1730இல் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மொய்ட்டாய் என்ற தலைவரைப் பேரரசர் என்று அறிவித்துவிட்டார். அவர்கள் ஊரில் இவர் முடிசூட்டு விழா நடத்தியிருக்கிறார். பவர் ஏஜென்டை வாங்குபவரே நியமிப்பது என்பது இதுதான்.

ஏப்ரல் 2

கிரீக் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: கடன். மான்தோல் வியாபாரம். துப்பாக்கி, மருந்து, ரம், துணி எல்லாம் கடனுக்கு, தோல் வந்ததும் கழித்துக்கொள்வது. மான் குறைந்தது, கடன் ஏறியது. 1773இல் அகஸ்டாவில் கிரீக்கும் செரோக்கியும் சேர்ந்து 20 லட்சம் ஏக்கருக்கும் மேல் ஜார்ஜியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள், வியாபாரிகள் கடனைப் பைசல் செய்ய. கடனுக்கு நிலம் போன பத்திரம் எழுதும்போது எழுதிக் கொடுப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், அது என் வழக்கம்.

ஏப்ரல் 6

நான்சி வார்டின் கல்லறை. பென்டன் ஊருக்குப் பக்கத்தில், ரோட்டோரக் குன்று. கொஞ்சம் மூச்சு வாங்கியது.

செரோக்கிப் பெயர் நான்யெஹி. 1755இல் தலிவா என்ற இடத்தில் கிரீக்குகளோடு நடந்த சண்டையில் கணவருக்குப் பக்கத்தில் இருந்து, குண்டு இன்னும் பாயட்டும் என்று ஈயத்தைக் கடித்துக் கடித்துக் கொடுத்தாராம். அவர் விழுந்ததும் துப்பாக்கியை இவரே எடுத்துக்கொண்டாராம். அதற்காக 'பேரன்புக்குரிய பெண்' என்ற பட்டம். வெறும் மாலை மரியாதை இல்லை, சபையில் பேசலாம், பிடிபட்டவரின் உயிரைக் காப்பாற்றலாம்.

1776 ஜூலையில் டிராகிங் கனூ படை கிளம்பியபோது, வெள்ளைக் குடியேறிகளுக்கு முன்கூட்டியே சேதி சொல்லி அனுப்பியவர் இவர்தான். பிடிபட்ட லிடியா பீன் என்ற பெண்ணை எரிக்கப் போகும்போது நிறுத்தியவரும் இவரே. அந்த அம்மா சில காலம் இவர் வீட்டில் தங்கி, பால் கறந்து வெண்ணெய் எடுக்கவும் தறி நெய்யவும் சொல்லிக்கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மகளிடம் சொன்னேன். 'அப்போ துரோகியா, தியாகியா?' என்றாள். எனக்கும் தெரியவில்லை. அதற்குப் பின் வர்ஜீனியா, இரண்டு கரோலினா எல்லாம் படை அனுப்பிச் செரோக்கி ஊர்களைக் கொளுத்தின, களத்தில் நின்ற சோளம் உட்பட. பசியில் விட்டால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும். 1777இல் இரண்டு ஒப்பந்தம் கிடைத்தது. சேதி அனுப்பியதற்கு இதுதான் பலனா என்று கேட்கலாம். அனுப்பாவிட்டால் விட்டிருப்பார்களா என்றும் கேட்கலாம்.

ஆனால் 1817இல், வயதாகி சபைக்கு நடந்து வர முடியாத நிலையில், இனி ஒரு துண்டு நிலமும் விற்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். தோணிக்காரர் 42 வருஷத்துக்கு முன் சொன்ன இடத்துக்கு அவரும் வந்துவிட்டார். இவருடைய அம்மா அட்டகுல்லகுல்லாவின் தங்கை என்கிறார்கள். அப்படியானால் டிராகிங் கனூ இவருக்குத் தாய்மாமன் மகன். நம் கணக்கில் முறைப்பையன்! செரோக்கிகளுக்கு அந்த முறை இல்லை, யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

ஏப்ரல் 7

ஆரம்பித்துவிட்டீர்கள். 14 பேர்.

ஏப்ரல் 21

என்னையே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நேற்று சோட்டா போனோம். செரோக்கிகளின் தாய் ஊர். 1979இல் டெலிகோ அணையை மூடியதும் பள்ளத்தாக்கு ஏரியாகிவிட்டது. மண்டபம் இருந்த இடத்தை மட்டும் மண் கொட்டி உயர்த்தி எட்டுத் தூண் நட்டிருக்கிறார்கள், ஏழு குலத்துக்கு ஏழு, நாடு முழுமைக்கும் ஒன்று. பக்கத்தில் ஒகொனொஸ்டோட்டாவின் கல்லறை. அகழ்வாய்வில் எலும்புகளை அவருடையது என்று அடையாளம் காட்டியது, கூடப் புதைத்திருந்த மூக்குக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடி என்னை விடவில்லை. மூக்குக் கண்ணாடி போட்டவர், ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். மொழிபெயர்ப்பாளர் சொல்லக் கேட்டுக் குறி போட்டவர். 'படித்துப் பார்த்தும் படிக்கக் கேட்டும் மனப்பூர்வமாக' என்று நான் எத்தனை ஆயிரம் பத்திரத்தில் எழுதியிருப்பேன். கைநாட்டு வைத்த கிழவிகளுக்கு நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன், வேகமாக, கரண்ட் போகும் முன். அவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று நின்று கேட்டதில்லை.

திருத்தம் இதுதான். முதல் நாள் முதல் நான் இதைக் கூட்டுக் குடும்பச் சொத்து மாதிரியே பேசுகிறேன். அது பொருந்தாது. கூட்டுச் சொத்தில் ஆளுக்கொரு பங்கு உண்டு, சேர்ந்து கையெழுத்துப் போட்டால் விற்கலாம். இங்கே பங்கே இல்லை. விளைநிலம் பெண்களின் அனுபவத்தில், அம்மாவிடமிருந்து மகளுக்கு. வேட்டைக்காடு யார் போனாலும் அவர்களுக்கு. 'இந்த நிலத்தில் நீயும் வேட்டையாடிக்கொள்' என்று கை காட்டலாம், 'இது இனி என்றென்றும் உன் வாரிசுகளுக்கு' என்ற வாக்கியத்துக்கு அந்த மண்ணில் இடமே இல்லை. இதைக் குறி போட்டவர்கள் ஆரம்பத்தில் முழுதாக உணர்ந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 1775க்குள் உணர்ந்திருப்பார்கள் என்றும் நினைக்கிறேன், அதற்குள் எத்தனையோ ஒப்பந்தம் பார்த்துவிட்டார்கள். ஆகவே 'பாவம், ஒன்றும் தெரியாதவர்கள்' என்று பேச வேண்டாம்.

மே 3

ஹோப்வெல் ஒப்பந்தம், 1785 நவம்பர், தென் கரோலினா. சுதந்திரம் வாங்கிய அமெரிக்கா செரோக்கிகளோடு போட்ட முதல் ஒப்பந்தம். பேச்சுவார்த்தைப் பதிவைப் படித்தால் நாற்காலியில் உட்கார முடியாது. ஓல்ட் டாசல் என்ற தலைவர், பிரெஞ்ச் பிராட் ஆற்றுக்கும் ஹோல்ஸ்டன் ஆற்றுக்கும் நடுவில் உங்கள் ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், எழுப்புங்கள் என்கிறார். அவர்கள் மூவாயிரம் பேர், எழுப்ப முடியாது என்கிறார்கள் கமிஷனர்கள். இங்கிலாந்து அரசரையே ஜெயித்தவர்களால் இந்த ஜனங்களை எழுப்ப முடியாதா என்று கேட்கிறார் டாசல். இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்படவில்லை. அந்த இரண்டு ஆறும் சேரும் இடம் மகள் வீட்டிலிருந்து காரில் 15 நிமிஷம். நாங்கள் காய்கறி வாங்கப் போகிற வழி.

மற்ற இடங்களில் அத்துமீறி இருப்பவர்கள் ஆறு மாதத்தில் போகாவிட்டால் அரசின் பாதுகாப்பு கிடையாது, செரோக்கிகள் இஷ்டப்படி தண்டிக்கலாம் என்று ஒரு ஷரத்து. பேப்பரில் ரொம்ப நன்றாக இருக்கிறது.

1788 மே மாதம் கர்க் என்ற வெள்ளைக் குடியேறி வீட்டில் 11 பேரைச் செரோக்கிகள் சிலர் கொன்றார்கள். ஜூனில் குடியேறிகளின் தலைவர் ஜான் செவியரின் படையைச் சேர்ந்தவர்கள் ஓல்ட் டாசலையும் வேறு சில தலைவர்களையும் வெள்ளைக் கொடி காட்டிப் பேச அழைத்து ஒரு வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் மிஞ்சிய மகன் கையில் கோடரியைக் கொடுத்தார்கள். செவியர் அப்போது அங்கே இல்லை என்பார்கள். செத்த 11 பேருக்கும் டாசலுக்கும் சம்பந்தம் இல்லை. எழுப்புங்கள் என்று வாயால் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். அவர் சகோதரி மகன் ஜான் வாட்ஸ் நேராக டிராகிங் கனூ பக்கம் போனார். மருமகன் போகாமல் வேறு யார் போவார்கள்.

சமாதானம் பேசியவர் கொல்லப்பட்டார். சமாதானமே வேண்டாம் என்ற டிராகிங் கனூ 1792இல், கூட்டணி கிடைத்த சந்தோஷத்தில் இரவெல்லாம் ஆடிவிட்டுக் காலையில் செத்துப்போனார், தன் ஊரில்.

மே 15

கிரீக் பக்கம் அலெக்சாண்டர் மெக்கிலிவ்ரே என்று ஒருவர். அப்பா ஸ்காட்லாந்து வியாபாரி, அம்மா காற்றுக் குலம். தாய்வழிக் கணக்கில் அவர் முழு கிரீக், அரை கிரீக் இல்லை. சார்ல்ஸ்டனில் படித்தவர். வெள்ளைக்காரர் பேனாவை அவர்கள் மேலேயே திருப்பியவர்.

ஜார்ஜியா மாநிலம் கிடைத்த இரண்டு தலைவர்களைப் பிடித்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டே இருந்தது. 1783 அகஸ்டா, 1785 கால்பின்டன், 1786 ஷோல்டர்போன். எதுவும் செல்லாது என்று இவர் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1784இல் ஸ்பெயினோடு ஒப்பந்தம் போட்டார். 1790இல் நியூயார்க் வரவழைத்து ஜனாதிபதி வாஷிங்டனே ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. அதில் ரகசிய ஷரத்துகள்: இவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி, வருஷம் 1,200 டாலர். ஸ்பெயினும் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓகோனீ ஆற்றுக்குக் கிழக்கே நிலத்தை விட்டுக்கொடுத்ததால் சொந்த ஜனமும் திட்டியது, போதாது என்று ஜார்ஜியாவும் திட்டியது. இரண்டு பக்கமும் திட்டினால் நடுநிலைப் பத்திரம் என்று நாங்கள் சொல்வோம். ஆனால் ரகசிய ஷரத்து இருக்கும் பத்திரத்தை நான் தொட மாட்டேன். 1793இல் பென்சகோலாவில் போய்ச் சேர்ந்தார், நண்பரான வியாபாரியின் தோட்டத்தில் புதைத்தார்கள்.

மே 26

கடைசிக் கதை, அப்புறம் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும்.

1814 மார்ச் 27, ஹார்ஸ்ஷூ பெண்ட். அமெரிக்கத் தளபதி ஆன்ட்ரூ ஜாக்சன், குடியேற்றத்தை எதிர்த்த 'சிவப்புத் தடி' கிரீக்குகளை முறியடித்தார். அவர் பக்கம் நின்றவர்களில் செரோக்கிகள் உண்டு, வேறு கிரீக்குகளும் உண்டு. செரோக்கிகள் ஆற்றை நீந்திக் கடந்து எதிரியின் தோணிகளைக் கொண்டுவந்து பின்பக்கமாகத் தாக்கியதால்தான் கோட்டை விழுந்தது. ஆகஸ்டில் ஜாக்சன் கோட்டை ஒப்பந்தம், 2 கோடி ஏக்கருக்கும் மேல் எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்று சண்டை போட்ட கிரீக்குகள். தோற்றவர்கள் ஃபுளோரிடாவுக்கு ஓடிவிட்டார்கள், ஜெயித்தவர்கள் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள்.

இதே சண்டையில் ஜாக்சன் பக்கம் இருந்த கிரீக் தலைவர் வில்லியம் மெக்கின்டாஷ், பின்னால் இந்தியன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஓட்டல் கட்டினார். 1825 பிப்ரவரியில் கிரீக் நாட்டுக்கு ஜார்ஜியாவில் மிஞ்சியிருந்த நிலத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தார். சபை அனுமதி இல்லாமல் நிலம் விற்றால் மரண தண்டனை என்பது கிரீக் சட்டம், அந்தச் சட்டம் வந்ததில் இவருக்கும் கை உண்டு. ஏப்ரல் 30இல் மெனாவா என்பவர் ஆட்களோடு வந்து வீட்டுக்குத் தீ வைத்து, வெளியே வந்தவரைச் சுட்டார். மெனாவா ஹார்ஸ்ஷூ பெண்டில் எதிர்ப்பக்கம் நின்று உடம்பெல்லாம் காயத்தோடு பிழைத்தவர். அன்றும் உள்ளே இருந்த வெள்ளைக்கார விருந்தாளிகளை முதலில் பத்திரமாக வெளியே அனுப்பினார்கள். 1826இல் வாஷிங்டன் அரசாங்கம் அந்தக் கிரயத்தை ரத்து செய்தது, புதிதாக ஒன்று எழுதியது. அதிலும் கிட்டத்தட்ட அதே நிலம் போயிற்று.

ஜூன் 8

கேள்வி கேட்ட தம்பி மூன்று மாசம் கழித்து வந்து 'எல்லாம் சரி, யார் தப்பு?' என்கிறார். நான் எழுதியதைப் படிக்கவில்லை, பரவாயில்லை. இன்னொன்றும் கேட்டிருக்கிறார், ஹென்டர்சன் என்ன ஆனார் என்று. அதற்குப் பதில் இருக்கிறது.

1778இல் வர்ஜீனியா அந்தக் கிரயம் செல்லாது என்று தீர்மானம் போட்டது. செல்லாது என்றால் நிலம் செரோக்கிகளுக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? இல்லை. ஹென்டர்சனுக்குத்தான் செல்லாது, செரோக்கிகளின் உரிமை தீர்ந்தது மட்டும் செல்லும், அது வர்ஜீனியாவுக்குச் சேரும். பட்ட சிரமத்துக்காகக் கம்பெனிக்கு 2 லட்சம் ஏக்கர். 1783இல் வட கரோலினா தன் பங்குக்கு இன்னொரு 2 லட்சம். கென்டக்கியில் ஒஹாயோ ஆற்றங்கரையில் அவர் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம் என்று மருமகன் சொன்னார், சுமார் ஐந்து மணி நேர ஓட்டம், வேண்டாம் என்றுவிட்டேன்.